பழைய டிராக்டரை அன்றாட வேலைக்கு ஆயத்தமாக்குதல்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

முப்பது, நாற்பது ஆண்டுகள் ஓடிய டிராக்டரை வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எஞ்சினைப் பற்றித்தான். ஆனால் அப்படிப்பட்ட வண்டியை வயலின் நடுவே நிறுத்துவது பெரும்பாலும் எஞ்சின் அன்று. டீசலில் கலந்த நீர், குழாய் இணைப்பின் வழியாக நுழையும் காற்று, பூத்துப்போன பேட்டரி முனை, வெடிப்பு விட்ட ரேடியேட்டர் குழாய், தளர்ந்த ஃபேன் பெல்ட் ஆகிய சிறு பொருள்களே வேலையைக் கெடுக்கின்றன. இவற்றை ஒருமுறை முழுமையாகச் சீர்செய்து, பிறகு நாள்தோறும் சில நிமிடங்கள் கவனித்தால், பழைய டிராக்டர் நம்பகமாக உழைக்கும். இந்தக் கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

இங்கே பழைய டிராக்டர் என்று குறிப்பிடுவது, மின்னணுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாமல், இயந்திர முறையிலேயே டீசலைப் பீய்ச்சும் பம்ப்பைக் கொண்ட வண்டிகளை. மாசி ஃபெர்குசன் 135, ஃபோர்டு 3000 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகள் இவ்வகைக்குத் தெரிந்த எடுத்துக்காட்டுகள். இத்தகைய எஞ்சின் ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்டால், தொடர்ந்து ஓடுவதற்கு அதற்கு மின்சாரமே தேவையில்லை. டீசலை நிறுத்தும் கம்பியை இழுத்தால்தான் நிற்கும். இது பெரிய வசதி. அதுவே ஒரு கண்ணியும் ஆகும். பேட்டரிக்கு மின்னேற்றம் போகாமல் நின்றுவிட்டாலும் வண்டி பகல் முழுவதும் குறையின்றி ஓடுவதால், பழுது மறுநாள் காலையில்தான் தெரியவரும்.

முதற்படி: குளிர்ந்த எஞ்சினோடு பார்வையிடுதல்

வாங்குவதற்கு முன் வண்டியைப் பார்க்கச் செல்லும்போது, நான் வந்து சேரும்வரை எஞ்சினை இயக்கவே வேண்டாம் என்று விற்பவரிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள். சூடான எஞ்சின் தன் குறைகளை மறைத்துவிடும். சென்றவுடன் எஞ்சின் மீது கைவைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால், ஏன் முன்பே ஓட்டிவைத்தார்கள் என்று கேட்பது உங்கள் உரிமை.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து, நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். அடுத்து ஆயில் அளவுக்கோலை உருவுங்கள். ஆயில் கருமையாக இருப்பது டீசல் எஞ்சினில் இயல்பு. ஆனால் அது பால்கலந்தாற்போல வெளுத்திருந்தால் நீர் கலந்திருக்கிறது. ஆயிலின் மட்டம் மேற்குறியைத் தாண்டியிருந்து, விரலில் தேய்த்தால் நீர்த்து, டீசல் வாடையும் வீசினால், டீசல் ஆயிலுக்குள் இறங்குகிறது என்று பொருள். டீசலை ஏற்றும் சிறு பம்ப்பின் ரப்பர் சவ்வு கிழிந்திருக்கலாம், அல்லது டீசலைப் பீய்ச்சும் பெரிய பம்ப்பின் தண்டு சீல் தேய்ந்திருக்கலாம். இரண்டும் சரிசெய்யக்கூடியவை. ஆனால் நீர்த்த ஆயிலோடு எத்தனை நாள் ஓட்டினார்கள் என்பதை அறிய வழியில்லை. பேரிங்குகள் அதற்குள் எவ்வளவு தேய்ந்தன என்பதும் வெளியே தெரியாது. அந்த வண்டியை விட்டுவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

பிறகு எஞ்சினை இயக்கிப் புகையைக் கவனியுங்கள். தொடங்கியதும் சற்று வெண்புகை வந்து, சூடேறியதும் மறைந்தால் கவலையில்லை. சூடான பிறகும் வெண்புகை நிற்காவிட்டால், நாசில் (சிலிண்டருக்குள் டீசலைத் தூவும் முனை) சரியாகத் தூவவில்லை, அழுத்தம் குறைந்திருக்கிறது, அல்லது சிலிண்டருக்குள் நீர் கசிகிறது. நீலப்புகை ஆயில் எரிவதைக் காட்டும். கரும்புகை என்பது டீசல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. ஏர் ஃபில்டர் அடைபட்டிருப்பது போன்ற எளிய காரணமும் அதற்கு இருக்கலாம். புகைக்குழாயை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், எஞ்சினின் உள்ளிருக்கும் ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாயையும் பாருங்கள். அதிலிருந்து விட்டுவிட்டுப் புகை சீறிக்கொண்டு வந்தால், பிஸ்டன் வளையங்களின் ஆயுள் முடியப்போகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

அரைமணி நேரமாவது வண்டியைச் சுமையோடு ஓட்டிப் பார்க்க இசைவு கேளுங்கள். ஆயில் அழுத்தம், ஹைட்ராலிக்கின் தூக்குதிறன், கியர் தானே நழுவுவது ஆகியவை எல்லாம் சூடேறிய பிறகே உண்மையைச் சொல்லும். ஒவ்வொரு கியரிலும் சரிவில் ஏறியும் இறங்கியும் பார்க்கவேண்டும், ஏனெனில் ஏற்றத்தில் நிற்கும் கியர் இறக்கத்தில் நழுவுவதுண்டு. பின்புறக் கைகளில் கனமான கருவியை மாட்டி, ஆயில் நன்றாகச் சூடேறிய பின் தூக்கச் செய்யுங்கள். குளிரில் தூக்கிவிட்டுச் சூட்டில் தயங்கினால், பம்ப்போ சிலிண்டர் சீலோ தேய்ந்திருக்கிறது. இறுதியாக, எஞ்சினை நிறுத்தி மீண்டும் உடனே இயக்கிப் பாருங்கள். சூடான நிலையில் கிளம்ப மறுப்பது தேய்ந்த டீசல் பம்ப்பின் வழக்கமான அடையாளம்.

எஞ்சின் ஓடிய மணிநேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரை நம்பவேண்டாம். மிதிகளின் ரப்பர், இருக்கைத் தகடு, டிராபாரின் (பின்னால் தாழ்வாக உள்ள இழுவைக் கம்பியின்) துளை, முன் அச்சின் நடு ஊசி ஆகியவற்றின் தேய்மானமே வண்டி உண்மையில் எவ்வளவு உழைத்தது என்பதைக் காட்டும். உதிரிபாகம் எளிதில் கிடைக்கிறதா என்பதையும் வாங்கும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள அரிய வண்டியைவிட, சுமாரான நிலையில் உள்ள பரவலான வண்டியே அன்றாட வேலைக்கு ஏற்றது.

இரண்டாம் படி: எல்லாத் திரவங்களையும் புதிதாக்குதல்

முந்தைய உரிமையாளர் போன மாதம்தான் ஆயில் மாற்றியதாகச் சொன்னாலும், எஞ்சின் ஆயில், அதன் ஃபில்டர், டீசல் ஃபில்டர், ரேடியேட்டர் நீர், கியர் பெட்டி மற்றும் ஹைட்ராலிக் ஆயில் ஆகிய அனைத்தையும் மாற்றிவிடுங்கள். அப்போதுதான் அடுத்த மாற்றம் எப்போது என்ற கணக்கு உங்கள் கைக்கு வரும். அந்த மாடலுக்கு உரிய கையேட்டை எப்பாடுபட்டாவது தேடிப் பெறவேண்டும். கியர் பெட்டிக்கும் ஹைட்ராலிக்கிற்கும் ஒரே ஆயில் ஓடும் வண்டிகளும் உண்டு, தனித்தனி ஆயில் கேட்கும் வண்டிகளும் உண்டு. ஆயிலுக்குள் மூழ்கி இயங்கும் பிரேக்குகள் கொண்ட வண்டிகளுக்குத் தனிவகை ஆயில் தேவை. இதில் ஊகம் உதவாது.

வடிந்த ஆயிலைக் கொட்டும் முன் அதில் காந்தம் ஒன்றை ஆழ்த்திப் பாருங்கள். மாவு போன்ற துகள் ஒட்டுவது இயல்பான தேய்மானம். துண்டு துண்டாக இரும்பு வந்தால், எங்கோ ஒரு பல் உடைந்திருக்கிறது.

பல பழைய டிராக்டர்களில் ஆயில் குளியல் வகை ஏர் ஃபில்டர் இருக்கும். காற்று ஆயிலின் மீது மோதித் திரும்பும்போது தூசி அதிலேயே படிந்துவிடும். இதன் சிறப்பு, கழுவிக் கழுவிப் பயன்படுத்தலாம் என்பது. ஆனால் அடியில் சேறு சேர்ந்தால் அது வேலை செய்யாது. குறித்த மட்டத்துக்குமேல் ஆயில் ஊற்றினால் எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சிக் கட்டுக்கடங்காமல் ஓடும் ஆபத்தும் உண்டு. தூசி பறக்கும் உழவுக்காலத்தில் நாள்தோறும் கிண்ணத்தைக் கழற்றிப் பாருங்கள். அதோடு, ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள ரப்பர் குழாயை விரலால் வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். அந்த வெடிப்பின் வழியே நுழையும் தூசி எந்த ஃபில்டரையும் தொடாமல் நேரே சிலிண்டருக்குப் போகிறது. நல்ல எஞ்சினை ஒரே பருவத்தில் தேய்த்துவிட அது போதும்.

மூன்றாம் படி: டீசல் பாதையும் காற்றெடுத்தலும்

புதியவர் கட்டாயம் தம் கையாலேயே செய்யப் பழகவேண்டிய வேலை இது ஒன்றுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. தொட்டி வற்றினாலோ ஃபில்டரை மாற்றினாலோ பாதையில் காற்று புகுந்துவிடும். காற்று அமுங்கக்கூடியது என்பதால், பம்ப் எவ்வளவு தள்ளினாலும் நாசில் திறக்கும் அளவுக்கு அழுத்தம் எழாது.

முதலில் தொட்டியில் போதிய டீசல் ஊற்றிக் குழாயைத் திறக்கவும். ஃபில்டர் தலையிலுள்ள காற்றுத் திருகைச் சிறிது தளர்த்தி, டீசலை ஏற்றும் பம்ப்பின் கைநெம்பை மேலும் கீழும் அசைக்கவும். நெம்பில் எதிர்ப்பே தெரியாவிட்டால், எஞ்சினின் கேம் (பம்ப்பை இயக்கும் புடைப்பு) அதை ஏற்கெனவே அழுத்தி நிறுத்தியிருக்கிறது. எஞ்சினை ஒரு சுற்று திருப்பிவிட்டுத் தொடர்ந்தால் நெம்பு பிடிக்கும். குமிழி இல்லாமல் தெளிந்த டீசல் வரும்போது, நெம்பை அசைத்துக்கொண்டே திருகை இறுக்கவேண்டும். அதன்பின் இதே முறையில் டீசல் பம்ப்பின் மேலுள்ள திருகுகளிலும் காற்றை எடுக்கவும். கடைசியாக, இரண்டு நாசில்களின் மேல்நட்டுகளை அரைச்சுற்று தளர்த்தி, ஆக்சிலேட்டரை முழுதும் திறந்து, நிறுத்தும் கம்பி உள்ளே தள்ளப்பட்டிருப்பதை உறுதிசெய்துகொண்டு, செல்ஃப் மோட்டாரைப் பத்துப் பதினைந்து வினாடிக்கு மேற்படாமல் இயக்கவும். நட்டுகளில் டீசல் துடித்து வெளிவந்ததும் இறுக்கிவிட்டால் எஞ்சின் கிளம்பிவிடும். இந்த வேலையின்போது முகத்தையும் கையையும் தள்ளியே வைத்துக்கொள்ளுங்கள். உயர் அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகக்கூடியது. சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் அது உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய காயம். ஹைட்ராலிக் குழாயின் கசிவைக் கையால் தடவித் தேடக்கூடாது, அட்டைத் துண்டைப் பிடித்துத்தான் பார்க்கவேண்டும் என்று சொல்வதும் இதனால்தான்.

காற்றெடுத்த மறுநாளே மீண்டும் அதே தொல்லை வந்தால், எங்கோ காற்று உறிஞ்சப்படுகிறது. தொட்டிக்கும் ஏற்றும் பம்ப்புக்கும் இடையிலுள்ள பகுதி உறிஞ்சும் பகுதியாதலால், அங்கே ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாமல் இருக்கலாம். கண்ணுக்கு எதுவும் தெரியாமல் பலர் டீசல் பம்ப்பையே கழற்றிப் பழுதுபார்க்கக் கொடுத்துவிடுகிறார்கள். அதற்குமுன், இடையில் சிறிது நேரத்துக்கு மட்டும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் ஒன்றைப் பொருத்தி ஓடவிட்டுப் பாருங்கள். குமிழிகள் ஓடினால் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று உடனே பிடிபடும். பெரும்பாலும் பழைய செம்பு வாஷரோ, ஃபில்டர் கிண்ணத்தின் ரப்பர் வளையமோதான் காரணமாக இருக்கும்.

நீரைத் தடுக்க எளிய வழி, மாலையில் வேலை முடிந்ததும் தொட்டியை நிரப்பிவைப்பது. காலியான இடத்திலுள்ள காற்றின் ஈரமே இரவுக் குளிரில் நீராகி டீசலுக்கு அடியில் சேர்கிறது. சுழலும் வகை டீசல் பம்ப்புகளுக்கு டீசல்தான் மசகும். அந்த வகையில் நீர் புகுந்தால் பம்ப்பின் உட்பாகம் துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும்.

நான்காம் படி: மின்சாரமும் குளிர்விப்பும்

வண்டி மெதுவாகச் சுழன்று கிளம்பத் தயங்கினால், புதிய பேட்டரி வாங்கும் முன் கம்பிகளைப் பாருங்கள். பேட்டரி முனைகள், உடலோடு இணையும் எர்த் கம்பி, செல்ஃப் மோட்டாரின் பெரிய நட்டு ஆகிய இடங்களை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து இறுக்கினாலே பாதி வண்டிகள் உயிர்பெறும். காருக்கான மெல்லிய கம்பியை எவரேனும் மாட்டியிருந்தால், அதை எறிந்துவிட்டுத் தடித்த கம்பியைப் போடுங்கள். ஓய்விலுள்ள நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்டினால் மின்னேற்றம் சரியாக இருக்கிறது. பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பேட்டரியை மாற்றும்போதோ டைனமோவை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரைப் பொருத்தும்போதோ இதைக் கவனிக்காவிட்டால் எல்லாம் புகைந்துவிடும்.

ஒன்றை மட்டும் ஒருபோதும் செய்யாதீர்கள். தரையில் நின்றுகொண்டு, ஸ்குரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துக் கிளப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வண்டி கியரில் இருந்தால், அப்படிச் செய்பவர் பெரிய சக்கரத்துக்கு முன்னாலேயே நிற்கிறார். சாவியும் பாதுகாப்பு சுவிட்சும் வேலை செய்யாத வண்டியில் முதலில் அவற்றைத்தான் சரிசெய்யவேண்டும்.

குளிர்விப்பில் செய்யவேண்டியவை சில. ரேடியேட்டரின் இதழ்களுக்கிடையில் அடைந்த பதரையும் தூசியையும், காற்றோ நீரோ பாய்ச்சி, எஞ்சின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக வெளியேற்றவும். சூடேறுகிறது என்பதற்காக, எஞ்சினின் வெப்பத்தைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி எறிவது தவறு. குளிர்ந்தே ஓடும் டீசல் எஞ்சின் டீசலை முழுதும் எரிக்காது, சிலிண்டரும் விரைவில் தேயும்.

ஐந்தாம் படி: வேலையை வண்டிக்கு ஏற்ப அமைத்தல்

பழுதுபார்க்கக் கற்றவர்களும் தடுமாறுவது இங்கேதான். பழைய டிராக்டரின் குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுக்கக்கூடாது, ஏனெனில் மண்ணை இழுப்பது எஞ்சின் மட்டும் அன்று. வண்டியின் எடையும் டயரின் பிடிமானமும் சேர்ந்தே இழுக்கின்றன. சக்கரம் எவ்வளவு வழுக்குகிறது என்பதை எளிதில் அளக்கலாம். பின்டயரில் சுண்ணக்கட்டியால் குறியிட்டு, அதே நிலத்தில் கருவியைத் தூக்கிய நிலையில் சக்கரம் பத்துச் சுற்று சுற்றும் தூரத்தை அளக்கவும். பிறகு உழுதுகொண்டே பத்துச் சுற்றுக்கு அளக்கவும். முதல் தூரம் 40 மீட்டராகவும் இரண்டாவது 35 மீட்டராகவும் இருந்தால் வழுக்கல் 12.5 விழுக்காடு. இரு சக்கர இழுவை வண்டிக்கு 10 முதல் 15 விழுக்காடு வரை பொருத்தமானது. அதற்கு மேல் போனால் டீசலும் டயரும் வீணாகும். அதற்கு மிகவும் கீழே இருந்தால் வண்டி தேவைக்கு மேல் கனத்திருக்கிறது, அந்தச் சுமையைக் கியர் பெட்டியே தாங்குகிறது. வழுக்கல் மிகுந்தால் கலப்பையின் ஆழத்தைக் குறைப்பது முதல் வழி, எடை சேர்ப்பது இரண்டாவது வழி. பின்டயருக்குள் நீர் நிரப்பி எடை கூட்டுவதாக இருந்தால், வால்வு மேலே இருக்கும் நிலையில் வால்வு மட்டம்வரை, அதாவது ஏறக்குறைய முக்கால் பங்குக்கே நிரப்பவேண்டும்.

முப்புள்ளி இணைப்புள்ள (கருவியைப் பின்னால் மூன்று இடங்களில் மாட்டும்) பழைய வண்டிகள் பலவற்றில் இரண்டு ஹைட்ராலிக் நெம்புகள் இருக்கும். ஒன்று கருவியை ஒரே உயரத்தில் நிறுத்துவது. மற்றொன்று இழுவைக்கு ஏற்ப ஆழத்தைத் தானே கூட்டிக் குறைப்பது. பொறியாளர் ஹாரி ஃபெர்குசனின் பெயரோடு சேர்ந்து நிலைத்துவிட்ட இந்த இரண்டாவது அமைப்பைத்தான் உழவுக்குப் பயன்படுத்தவேண்டும். மண் இறுகிய இடத்தில் கலப்பை சற்று மேலேறி எஞ்சினைக் காப்பாற்றும். கருவியின் எடை பின்சக்கரத்துக்கு மாறுவதால் பிடிமானமும் கூடும். புதியவர்கள் பலர் முதல் நெம்பை மட்டுமே வைத்து உழுதுவிட்டு, வண்டிக்குச் சக்தி போதவில்லை என்று முடிவுகட்டிவிடுகிறார்கள்.

பி.டி.ஓ. தண்டில் (எஞ்சின் விசையைக் கருவிக்குக் கொடுக்கும் பின்புறச் சுழல்தண்டு) இயங்கும் கருவிகளுக்கு நிமிடத்துக்கு 540 சுற்றுகள் என்பது பழைய வண்டிகளின் வழக்கமான அளவு. எஞ்சின் எந்த வேகத்தில் ஓடும்போது அது கிடைக்கும் என்று மீட்டரில் குறி இருக்கும். 1946 முதல் 1956 வரை தயாரான ஃபெர்குசன் டி.இ.20 போன்ற மிகப் பழைய வண்டிகளில் கிளட்சை மிதித்தால் பி.டி.ஓ.வும் ஹைட்ராலிக் பம்ப்பும் சேர்ந்தே நின்றுவிடும். அதைவிட முக்கியமான செய்தி, கனமான சுழல்கத்தி கொண்ட புல்வெட்டி அவ்வகை வண்டியில் சுழன்றுகொண்டிருக்கும்போது, நீங்கள் கிளட்சை மிதித்தாலும் கத்தியின் வேகமே தண்டு வழியாகக் கியர் பெட்டியைச் சுழற்றி வண்டியை முன்னே தள்ளிக்கொண்டு போகும் என்பதாகும். நிற்கவேண்டிய வண்டி வேலிக்குள் போய் நிற்கும். ஒரு திசையில் மட்டும் விசையைக் கடத்தும் இடைக்கிளட்ச் ஒன்றைத் தண்டில் பொருத்தினால் இந்த ஆபத்து நீங்கும். பின்னாளில் வந்த இரட்டைக் கிளட்ச் வண்டிகளில், பாதி மிதித்தால் வண்டி மட்டும் நிற்கும், முழுதும் மிதித்தால் பி.டி.ஓ.வும் நிற்கும். தண்டின் மேலுறை இல்லாமல் எந்தக் கருவியையும் இயக்கக்கூடாது.

இழுக்கும் சங்கிலியை டிராபாரில் மட்டும் மாட்டவேண்டும். டாப் லிங்க் (முப்புள்ளி இணைப்பின் மேல் கம்பி) பொருத்தும் இடத்திலோ பின் அச்சிலோ மாட்டினால், இழுபடும் பொருள் அசையாதபோது முன்சக்கரம் எழும்பி வண்டி பின்னோக்கிக் கவிழும். ஓட்டுபவர் கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் அது நடந்து முடிந்துவிடும். பழைய டிராக்டர்கள் பலவற்றில் கவிழ்ந்தால் ஓட்டுபவரைக் காக்கும் இரும்புச் சட்டகம் இல்லை. புதிய டிராக்டர்களுக்கு அதை 1959-லேயே கட்டாயமாக்கிய நாடு சுவீடன். உங்கள் மாடலுக்கென்று சோதித்துத் தயாரித்த சட்டகம் கிடைத்தால், வண்டிக்கு வண்ணம் பூசும் முன் அதையும் இருக்கைப் பட்டையையும் வாங்கிப் பொருத்துங்கள். சட்டகம் இல்லாத வண்டியில் பட்டை அணியக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

டிரெய்லர் இழுக்கும்போது வண்டியால் இழுக்க முடிகிற சுமை வேறு, நிறுத்த முடிகிற சுமை வேறு. இடது, வலது சக்கரங்களுக்குத் தனித்தனியாக உள்ள இரு பிரேக் மிதிகளையும் சாலையில் கொக்கியால் ஒன்றாகப் பூட்டிவையுங்கள். பின் அச்சு சீல் கசிந்து பிரேக்கில் ஆயில் படிந்திருந்தால், சீலை மாற்றாமல் பிரேக்கை மட்டும் சரிசெய்வதில் பயனில்லை. பழைய பிரேக், கிளட்ச் உறைகளில் கல்நார் இருக்கக்கூடும் என்பதால், அங்குள்ள தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தெடுக்கவேண்டும்.

ஆறாம் படி: நாள்தோறும், பருவந்தோறும்

காலையில் எஞ்சின் ஆயில், ரேடியேட்டர் நீர், டீசல் ஃபில்டர் கிண்ணத்தில் நீர், பெல்ட்டின் இறுக்கம், டயர், சக்கர நட்டுகள் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, வண்டி நின்ற தரையில் புதிய சொட்டு ஏதும் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கிரீஸ் நிப்பிள்களில், குறிப்பாக முன் அச்சின் நடு ஊசியிலும் முன்சக்கரங்கள் திரும்பும் கிங்பின்களிலும், பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை அடிக்கவேண்டும். கிளப்பியதும் உடனே முடுக்காமல் ஓரிரு நிமிடம் விடுங்கள். கடும் வேலைக்குப் பின் நிறுத்தும் முன்னும் அவ்வாறே மெதுவாக ஓடவிடுங்கள்.

வயலுக்குப் போகும்போது ஒரு ஃபேன் பெல்ட், டீசல் ஃபில்டர், சில செம்பு வாஷர்கள், ரேடியேட்டர் குழாய், இரண்டு மூன்று கிளிப்புகள், காற்றெடுக்கத் தேவையான ஸ்பேனர்கள் ஆகியவை பெட்டியில் இருந்தால் பெரும்பாலான நிறுத்தங்களை அங்கேயே தீர்த்துவிடலாம். மாதக்கணக்கில் நிறுத்திவைப்பதானால், பேட்டரியைக் கழற்றி, கிளட்ச் மிதியை ஒரு கட்டையால் அழுத்திய நிலையில் நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் கிளட்ச் தட்டு துருவேறி ஒட்டிக்கொள்ளும்.

எப்போது அன்றாட வேலையிலிருந்து விலக்குவது என்ற கேள்விக்கு என் அளவுகோல் இது. கசிவு, மின்சாரம், பெல்ட், சீல் ஆகியவற்றுக்காக வண்டி நின்றால் சரிசெய்து ஓட்டலாம். சூடான நிலையில் ஆயில் அழுத்தம் கையேட்டில் சொன்ன அளவுக்குக் கீழே போனாலோ, கியர் நழுவினாலோ, ரேடியேட்டர் நீர் காரணம் தெரியாமல் குறைந்துகொண்டே வந்தாலோ, உழவையும் சாலைப் போக்குவரத்தையும் அன்றே நிறுத்திவிட்டு எஞ்சினையோ கியர் பெட்டியையோ பிரித்துப் பார்க்கவேண்டும். பிரித்துச் சீர்செய்யும் செலவு அதே மாடலில் நல்லநிலையிலுள்ள இன்னொரு வண்டியின் விலையை நெருங்கினால், அந்த இன்னொன்றை வாங்கிக்கொண்டு பழையதை உதிரிபாகத்துக்காக வைத்துக்கொள்வது பல நேரங்களில் லாபமாக முடிகிறது.